விகடன் திறக்கவில்லை: விபிஎன் போட்டால் போதுமா?

கேள்வி (16 பிப்ரவரி 2025, காலை)

நேற்று சாயங்காலத்திலிருந்து விகடன் தளம் என் போனில் திறக்கவில்லை. வீட்டு வைஃபையில் திறக்கிறது. விபிஎன் (இணைப்பை வேறு ஊர் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டால் சிம்மிலும் திறக்கிறது. இரண்டு நிமிட வேலைதானே? இதை ஒரு தடை என்று சொல்லி எல்லோரும் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்?

16 பிப்ரவரி, காலை 9.40

சர்வர் பிரச்சினையாக இருக்கும். ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தால் இப்படி ஆவதுண்டு. மதியம் வரை பொறுத்துப் பாருங்கள்.

16 பிப்ரவரி, மதியம் 2.15

காலையில் நான் எழுதியது தப்பு. அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

கோவில்பட்டியில் பதினைந்து வருஷமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இன்று ஞாயிறு, கூட்டம் இல்லை. கடையில் இருந்த மூன்று நிறுவன சிம்களையும் இரண்டு பிராட்பேண்ட் லைன்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் சிம்மில் ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’ என்று வந்தது. அந்தப் பெயரில் முகவரியே கிடைக்கவில்லையாம். இரண்டாவது சிம்மில் பக்கம் ஏறத் தொடங்கி, கண் சிமிட்டும் நேரத்தில் இணைப்பு அறுந்தது. மூன்றாவதில் வழக்கம்போலத் திறந்தது. பிராட்பேண்டில் ஒன்றில் திறக்கிறது, இன்னொன்றில் இல்லை.

சர்வர் படுத்திருந்தால் ஐந்திலும் படுத்திருக்க வேண்டும். இது வழியில் யாரோ மறிப்பது. மறிப்பவர்களும் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக மறிக்கவில்லை. கேட்டவரின் வைஃபையில் திறந்து சிம்மில் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

16 பிப்ரவரி, இரவு

என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்காக, தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட 104 இந்தியர்கள் கையிலும் காலிலும் விலங்கோடு பிப்ரவரி 5ஆம் தேதி அமிர்தசரஸில் வந்து இறங்கினார்கள். 10ஆம் தேதி வெளியான விகடன் பிளஸ் இதழில் அதையொட்டி ஒரு கார்ட்டூன் வந்தது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி, கைகால்களில் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். 15ஆம் தேதி பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை, தகவல் ஒலிபரப்புத் துறை இணையமைச்சர் எல். முருகனிடமும் பிரஸ் கவுன்சிலிலும் புகார் கொடுத்தார். அன்று சாயங்காலமே பல இடங்களில் தளம் நின்றது. தங்களுக்கு அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் அப்போது சொன்னது. விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ் இன்றுதான் போயிருக்கிறது.

முதலில் அடைப்பு, அப்புறம் நோட்டீஸ். ஒரு கார்ட்டூனுக்காக முழுத் தளமும் போயிருக்கிறது. இத்தனை வருஷச் செய்தி, சமையல் குறிப்பு, பழைய தொடர்கதை எல்லாம் அதோடு சேர்ந்து போயின.

17 பிப்ரவரி

‘இரண்டு நிமிட வேலை’ என்ற வார்த்தை ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. அதற்கு என் பெரியப்பாவைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

அவருக்கு 74 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆனந்த விகடன் படிப்பவர். கண் மங்கிய பிறகு போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். நேற்று மத்தியானம் அவருடைய போனில் தளம் வரவில்லை. நேரே முக்குக் கடைக்கு நடந்துபோய் டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வந்திருக்கிறார். அப்படியும் வரவில்லை. இன்று காலையில் போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

“ஏய்யா, பணம் கட்டியும் நெட்டு வரமாட்டேங்குதே, பாரு.”

அவருடைய பழைய பேக்கில் இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்தது. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது. விகடன் மட்டும் இல்லை. அரசாங்கம் தடுத்திருக்கிறது பெரியப்பா என்றேன். “அப்படின்னா அதுல எழுதியிருக்கணும்ல?” என்றார்.

அதுதான் விஷயம். ‘இன்ன சட்டப்படி, இன்ன காரணத்துக்காக இந்தத் தளம் தடுக்கப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வரி அந்தத் திரையில் இல்லை. வெறும் ‘அணுக முடியவில்லை’. கேள்வி கேட்டவருக்கு விபிஎன் தெரியும். பெரியப்பாவுக்குத் தன்னைத் தடுத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. தன் பணம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். என் கடைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் பெரியப்பா மாதிரிதான்.

18 பிப்ரவரி

எப்படித் தடுக்கிறார்கள் என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் போன் முதலில் அதன் எண் முகவரியை விசாரிக்கும். அந்த விசாரணைக்குப் பதில் சொல்வது டிஎன்எஸ். பெரும்பாலும் அதை உங்கள் சிம் நிறுவனமே வைத்திருக்கும். ‘அப்படி ஒரு தளமே இல்லை’ என்று அது பொய் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. என் முதல் சிம்மில் நடந்தது இது. இதற்கு மருந்து சுலபம். வேறு டிஎன்எஸ்ஸிடம் விசாரித்தால் போதும். அதற்கு 1.1.1.1 என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிம்மில் நடந்தது வேறு. இப்போதெல்லாம் தளத்துக்கும் நமக்கும் நடுவே போவது பூட்டிய கடிதம் மாதிரி. உள்ளே இருப்பதை வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் உறை மேல் எழுதிய பெயரைப் படிக்கலாம். இணைப்பு தொடங்கும் முதல் நொடியில் தளத்தின் பெயர் திறந்தபடிதான் போகிறது. அதை எஸ்என்ஐ என்பார்கள். நிறுவனத்தின் பெட்டி அந்தப் பெயரைப் பார்த்ததும் இணைப்பை அறுத்துவிடுகிறது. டிஎன்எஸ்ஸை எத்தனை மாற்றினாலும் இங்கே பலிக்காது. உறையையே இன்னொரு உறைக்குள் போட்டு வேறு ஊர் விலாசம் எழுத வேண்டும். விபிஎன் செய்வது அதைத்தான்.

19 பிப்ரவரி

திருத்தம். நேற்று 1.1.1.1 ஆப்பைப் போடச் சொன்னேன். தேடினால் ஸ்டோரில் இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அரசு சொன்னதன் பேரில் அதையும் இன்னும் சில விபிஎன் ஆப்களையும் ஆப்பிள், கூகுள் இரண்டு ஸ்டோர்களும் இந்தியாவில் எடுத்துவிட்டதாக ஜனவரி தொடக்கத்திலேயே செய்தி வந்திருந்தது. என் போனில் பழையது இருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். அங்கே மாற்றிக்கொள்ளலாம், ஆப் வேண்டாம். முதல் வகைத் தடைக்கு மட்டும்தான் இது உதவும்.

20 பிப்ரவரி

“உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், ஒரு பத்திரிகைதானே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு 2018இலிருந்து தொடங்க வேண்டும்.

மே 22, ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை பத்தாம் வகுப்பு ரிசல்ட். கடையில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் மார்க் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் தூத்துக்குடியிலிருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று வந்தவர்கள். அன்று ராத்திரி நெட் போனது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்த அரசு உத்தரவு போட்டிருந்தது. சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவுகிறது என்று காரணம் சொன்னார்கள்.

அந்த வருஷம்தான் பொறியியல் கலந்தாய்வு முதல்முறையாக ஆன்லைனுக்கு மாறியிருந்தது. விண்ணப்பிக்க மே 30 கடைசி. என்னிடம் ஏழு பிள்ளைகளின் தாள்கள் இருந்தன. லைன் செத்துக் கிடக்கிறது. விபிஎன் என்ன, எந்த வித்தையும் செய்ய முடியாது. ரோடே இல்லாத இடத்தில் குறுக்கு வழி ஏது?

25ஆம் தேதி காலையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வண்டியை எடுத்தேன். சாத்தூர் விருதுநகர் மாவட்டம், அங்கே தடை கிடையாது. எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சட்டைப் பையில் போன் அதிரத் தொடங்கியது. நிற்கவே இல்லை. இரண்டு நாள் மெசேஜ் மொத்தமும் வந்து விழுந்தன. வண்டியை ஓரங்கட்டினேன். அங்கிருந்த ஒரு டீக்கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே குனிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் டீ குடிக்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண், சவுதியிலிருக்கும் கணவரின் குரல் மெசேஜைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். “உசுரோட இருக்கியா, ஒரு வார்த்தை போடு” என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் இறந்தவர்களின் படங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

சாத்தூரில் ஒரு சென்டரில் உட்கார்ந்து ஐந்து விண்ணப்பங்களை முடித்தேன். இரண்டுக்குப் பணம் போகவில்லை. கடைசித் தேதியை அப்புறம் ஜூன் 2 வரை நீட்டித்தார்கள், அதனால் அந்த இரண்டும் பிழைத்தன. நீட்டிக்காமல் போயிருந்தால் அந்த இரண்டு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

21 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, காஷ்மீரோடு ஒப்பிட்டால் ஐந்து நாள் ஒன்றுமே இல்லை என்று ஒருவர் எழுதினார். உண்மை. அங்கே 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் போனது. 2020 ஜனவரியில் 2ஜி வந்தபோதும், அரசு தந்த பட்டியலில் இருந்த 301 தளங்களை மட்டும்தான் பார்க்கலாம் என்றார்கள். 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். இடையில் விபிஎன் வழியாகச் சமூக வலைத்தளங்களுக்குப் போனவர்கள் மேல் போலீஸ் வழக்கே பதிந்தது.

அங்கே பிள்ளைகள் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதற்காகப் பள்ளத்தாக்கிலிருந்து, நெட் கிடைத்த பனிஹால் வரை ரயிலில் போய் வந்தார்கள். அந்த ரயிலுக்கு ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. படித்தபோது எனக்குச் சாத்தூர் ரோடுதான் ஞாபகம் வந்தது. நான் ஒரு நாள் போனேன். அவர்கள் மாதக்கணக்கில் போனார்கள்.

24 பிப்ரவரி

சட்டம் பற்றி.

தளங்களை அடைக்க அரசு எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். அவசரம் என்று சொன்னால் முதலில் அடைத்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் அதை ஆராயும் அரசுக் குழுவின் முன்னால் வைத்தால் போதும். 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை ரத்து செய்தது, 69ஏவை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்ற பாதுகாப்பு இருக்கிறது என்றது.

ஆனால் 2009ஆம் வருஷ விதிகளில் 16ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டால் அந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். கண்ணில் காட்டாத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

25 பிப்ரவரி

நேற்று விட்டுப்போனது. இணையத்தையே நிறுத்தும் உத்தரவுக்குக் கதை வேறு. 2020 ஜனவரி 10ஆம் தேதி காஷ்மீர் தடையை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில், அப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரையே இருட்டாக்கினால் உத்தரவைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தளத்தின் வாயை மூடினால் காட்ட வேண்டாம். இந்த வித்தியாசத்துக்கு ஒரு நியாயம் எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

27 பிப்ரவரி

பழைய விகடன் பக்கங்களை, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடலாம் என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் அந்த ஆர்க்கைவே 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அடைபட்டது. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்க நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவு அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். பட்டியல் போடுகிறவர் கையில் பேனா இருந்தால் நூலகமும் திருட்டு விசிடி கடையும் ஒரே வரிசையில் வந்துவிடும்.

1 மார்ச்

விபிஎன் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தப் பதினைந்து நாளில் கடைக்கு வந்த போன்களில் இலவச விபிஎன் என்ற பெயரில் கண்டதையும் பார்த்துவிட்டேன். ஒரு பையனின் போனில் திரையைத் தொட்டால் விளம்பரம், தொடாவிட்டாலும் விளம்பரம். அவன் பார்ப்பது எல்லாம் அந்த ஆப்காரன் வழியாகத்தான் போய் வருகிறது. சிம் நிறுவனத்தை நம்பாமல் முகம் தெரியாத ஒருவனை நம்புகிறோம். வங்கி ஆப்பைத் திறக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். இரண்டு நிமிட வேலை என்றவருக்காக இதையும் சொல்கிறேன்: அந்த இரண்டு நிமிடத்தின் மேலேயும் அரசாங்கத்துக்குக் கண் இருக்கிறது.

6 மார்ச்

சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்று இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. நீதிபதி பரத சக்கரவர்த்தி. கார்ட்டூன் இருக்கும் பக்கத்தை விகடன் தற்காலிகமாக எடுத்துவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அமைச்சகம் தளத்தைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கார்ட்டூன் தவறா சரியா என்பது இனிமேல்தான் விசாரணை.

சந்தோஷம்தான். ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. ஒரு பக்கத்தில்தான் பிரச்சினை என்றால் அந்த ஒரு பக்கத்தைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்கலாமே. அத்தனையையும் பூட்டிவிட்டு, சாவிக்கு விலையாக அந்தப் பக்கத்தை வாங்கியிருக்கிறார்கள்.

1987இல் அட்டைப்படக் கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதம் சிறை போட்டதைப் பெரியப்பா அடிக்கடி சொல்வார். பெரிய எதிர்ப்பு கிளம்பி இரண்டு மூன்று நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அப்புறம் வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கினார். அன்றைக்கு யார் தண்டித்தார்கள், எதற்காக என்று ஊருக்கே தெரிந்தது. அதனால்தான் ஊர் எதிர்த்தது. இன்றைக்கு ஊர் ரீசார்ஜ் கடைக்குப் போகிறது.

14 மார்ச்

பெரியப்பாவின் போனில் விகடன் திறக்கிறது. இந்த ஒரு மாதமும் அவர் போனில் நான் விபிஎன் போட்டுத் தரவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால் அவருக்கு அணைக்கத் தெரியாது, விளம்பரத்தை எங்கேயாவது தொட்டுவிடுவார் என்று பயம். தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரில் படித்துவிட்டுப் போனார்.

இன்று அவர் முதலில் கேட்டது, “எங்கய்யா அந்தப் படம்?” தேடிக் காட்டினேன். பக்கம் இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்தால் என் மூன்று குழுக்களில் அதே படம் கிடந்தது. தடுத்திருக்காவிட்டால் இந்த மூன்று குழுவுக்கும் அது வந்தே இருக்காது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார்.

“இவ்வளவுதானா? நம்ம ஆளுங்க கால்ல கிடந்த விலங்கத்தான வரஞ்சிருக்கான்” என்றார்.

10 மே

நேற்று தி வயர் செய்தித் தளம் அடைபட்டது. அதோடு எக்ஸில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவுகள் வந்ததாக அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. பாகிஸ்தானோடு போர்ச் சூழல், பொய்ச் செய்தியும் ஏராளமாக ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு செய்தித் தளத்தையே மொத்தமாக அடைப்பதை ஏற்க மாட்டேன்.

விகடன் நேரத்தில் நான் செய்ததையே இப்போதும் செய்தேன். நீங்களும் செய்யுங்கள். எந்த சிம், எந்த ஊர், எத்தனை மணி, திரையில் என்ன வந்தது என்று படம் பிடித்து வையுங்கள். சிம் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போடுங்கள், பதில் வராவிட்டாலும் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் போடுவது அதற்கு அப்புறம். முதலிலேயே விபிஎன் போட்டுவிட்டால் தடை இருந்ததற்கு உங்களிடம் சாட்சியே இருக்காது.

கோவில்பட்டியில் நேற்று ராத்திரி மூன்று சிம்மில் இரண்டில் திறக்கவில்லை. உங்கள் ஊர் நிலவரத்தை எழுதுங்கள்.